மூளை ஆய்வகத்தில் ஆய்வு உதவியாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவாற்றல் நரம்பறிவியல் ஆய்வகத்தில் சேர நினைக்கிற மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெங்களூரில் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) ஆய்வகம் ஒன்றில் புராஜெக்ட் அசிஸ்டன்டாக இருந்து, பிறகு எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) திட்டம் ஒன்றிலும் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். இதைக் குமாஸ்தா வேலை என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பிஎச்.டி.க்கு ஏறும் படி என்று மட்டும் நினைத்து வருகிறவர்களும் உண்டு. என் கருத்து வேறு. மூளையைப் பற்றி ஒரு கட்டுரையில் அச்சாகும் எண்ணை நம்பலாமா என்பது பெரும்பாலும் உதவியாளரின் கையில்தான் இருக்கிறது.

இந்தத் துறை எதைப் பற்றியது? உதவியாளருக்கு அங்கே என்ன வேலை?

பார்ப்பது, கவனிப்பது, நினைவில் வைப்பது, பேசுவது, முடிவெடுப்பது ஆகியவற்றின்போது மூளையில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்கும் துறை இது. விழித்திருக்கும் மனிதர்களிடமே பெரும்பாலான ஆய்வுகள் நடக்கின்றன. நீங்கள் அதிகம் பழகப்போகும் கருவிகள் இரண்டு. ஒன்று இ.இ.ஜி. ஜெர்மனியின் ஜெனா நகரில் 1924-இல் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் மனிதத் தலையிலிருந்து பதிவு செய்த மின் அலை அது. மற்றது எஃப்.எம்.ஆர்.ஐ. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைக் காந்தக் கருவியால் பார்க்க முடியும் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டியதிலிருந்து வளர்ந்த முறை. முதலாவது எப்போது நடந்தது என்பதை மில்லி விநாடிக் கணக்கில் சொல்லும், எங்கே என்பதில் தடுமாறும். இரண்டாவது இடத்தை 2, 3 மில்லிமீட்டர் அளவுக்குக் காட்டும். ஆனால் இரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரவே 5, 6 விநாடி ஆகிவிடும்.

உதவியாளர் செய்யும் வேலைகளின் பட்டியல் நீளமானது: பங்கேற்பாளர்களைத் தேடுவது, போன் செய்து நேரம் குறிப்பது, ஒப்புதல் படிவத்தை விளக்குவது, மின்முனைகள் பொருத்திய கேப்பைத் தலையில் மாட்டுவது, பதிவு எடுப்பது, கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்குவது, தரவின் முதல்கட்டச் சுத்திகரிப்பு, எத்திக்ஸ் கமிட்டிக்கான தாள்கள், ஜெல் தீர்ந்தால் வாங்கக் கேட்டு இன்டென்ட் போடுவது. பேராசிரியர் வகுப்பிலும் கூட்டத்திலும் இருப்பார். பிஎச்.டி. மாணவர் எழுதிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பங்கேற்பாளர் எதிரில் இருப்பது நீங்கள்தான்.

எந்தப் படிப்பு வேண்டும்? நான் உளவியல் படித்தேன், கணிதம் பயமாக இருக்கிறது.

உளவியல், இயற்பியல், உயிரியல், மொழியியல், பேச்சு–செவித்திறன், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். டாக்டர் பட்டம் தேவையில்லை. பொறியியல் படித்தவருக்கு சிக்னல் எளிது, மனிதர்களிடம் பேசுவது கடினம். உளவியல் படித்தவருக்கு அது தலைகீழ். எந்தப் பக்கம் குறைகிறதோ அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும் என்பது நான் பார்த்த வரையில் உண்மை. கணித பயம் உள்ளவர்கள் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-சோதனை ஆகிய நான்கையும் வாய்விட்டு விளக்கும் அளவுக்குப் புரிந்துகொண்டு வந்தால் போதும். கேட் தேர்வில் 2021 முதல் ஹியுமானிட்டீஸ், சமூக அறிவியல் தாள் இருக்கிறது. அதில் உளவியலும் ஒரு பிரிவு. தேர்ச்சி பெற்றிருந்தால் சம்பள விகிதத்தில் உதவும்.

இந்தியாவில் எங்கெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன? தமிழ்நாட்டில்?

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையமும் நிமான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனமும், ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், கான்பூர் ஐ.ஐ.டி.யின் அறிவாற்றல் அறிவியல் துறை, அதே பாடத்தில் முதுநிலைப் படிப்பு நடத்தும் காந்திநகர் ஐ.ஐ.டி., ஹைதராபாத் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை, அறிவாற்றல் அறிவியல் மையம். பேச்சு, மொழி, செவித்திறன் பக்கம் ஆர்வமென்றால் மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. அங்கே நடப்பது இறந்த பின் பெறப்பட்ட மூளைகளைச் செல் அளவில் படமெடுத்துத் தொகுக்கும் வேலை. படச் செயலாக்கம் தெரிந்த பொறியாளர்களுக்கு அருமையான இடம். பங்கேற்பாளரை உட்கார வைத்துச் செய்யும் சோதனை அதன் மையப் பணி இல்லை. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு மனச்சிதைவு நோய் ஆராய்ச்சியில் நீண்ட அனுபவம் உள்ளது. நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் பேசிப் பழக விரும்புகிறவர்கள் அங்கே உள்ள திட்டங்களையும் கவனிக்கலாம்.

பதவிப் பெயர்கள் குழப்புகின்றன. சம்பளம் எவ்வளவு?

விளம்பரத்தைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள். வெளிநாட்டில் ரிசர்ச் அசிஸ்டன்ட் என்று அழைக்கப்படும் வேலை இங்கே புராஜெக்ட் அசிஸ்டன்ட், புராஜெக்ட் அசோசியேட், ஜே.ஆர்.எஃப். (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) என்ற பெயர்களில் வரும். ரிசர்ச் அசோசியேட் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பிஎச்.டி. முடித்தவர்களுக்கு. மத்திய அரசு 2023-இல் உயர்த்திய விகிதப்படி ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப்.க்கு (சீனியர் ரிசர்ச் ஃபெலோ) 42,000, ரிசர்ச் அசோசியேட்டுக்கு 58,000-இல் தொடக்கம். வீட்டு வாடகைப் படி தனி. நெட், கேட் தேர்ச்சி கேட்காத புராஜெக்ட் பதவிகளில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒரு கசப்பான உண்மையும் சொல்லியாக வேண்டும். திட்டத்துக்கான பணம் ஆண்டுதோறும் தவணையாக வரும். தவணை தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். வீட்டிலிருந்து எந்த உதவியும் கிடைக்காத மாணவர்கள் இரண்டு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு சேருவது நல்லது. இப்படி ஒரு நிலைமை இருக்கவே கூடாது. நல்ல மாணவர்கள் இந்தத் துறையை விட்டுப் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு இ.இ.ஜி. பதிவு நாள் எப்படி இருக்கும்?

பங்கேற்பாளர் 10 மணிக்கு வருகிறார் என்றால் நீங்கள் 9 மணிக்கே அங்கே இருக்க வேண்டும். ஏ.சி. போட்டு அறையைக் குளிர வைக்க வேண்டும். வியர்த்தால் பதிவில் அலைக்கோடு மெல்ல ஏறி இறங்கும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. யு.பி.எஸ். சார்ஜ் பார்க்க வேண்டும். திரையில் படம் தோன்றும் கணமும் பதிவில் குறியீடு விழும் கணமும் ஒன்றுதானா என்று ஒளி உணர்வியை வைத்துச் சோதிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் (ஃபிரேம்) தவறினாலே கிட்டத்தட்ட 17 மில்லி விநாடி போய்விடும். முகத்தைப் பார்த்ததும் மூளையில் எழும் அலை 170-ஆவது மில்லி விநாடியை ஒட்டி வருகிறது. 17 தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் வந்ததும் தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, படிவம் விளக்கி, தலையின் சுற்றளவு எடுக்கிறீர்கள். மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை எலும்பு மேடு வரை டேப்பால் அளந்து நடு உச்சியைக் குறிக்கிறீர்கள். தலையின் அளவை 10, 20 சதவீதத் தூரங்களாகப் பிரிக்கும், 1958 முதல் உலகமெங்கும் வழக்கத்தில் உள்ள பத்து–இருபது முறைப்படிதான் எல்லா மின்முனைகளும் வைக்கப்படுகின்றன. 64 முனை கேப் என்றால் ஒவ்வொரு முனையிலும் மழுங்கிய ஊசி வைத்த சிரிஞ்சால் முடியை விலக்கி ஜெல் விட வேண்டும். கை பழகினால் அரை மணி, பழகாவிட்டால் ஒரு மணிக்கு மேல். தோலுக்கும் முனைக்கும் இடையிலான மின்தடையை ஆய்வகம் வைத்திருக்கும் எல்லைக்குள் கொண்டுவந்த பிறகே பதிவு.

நாம் தேடும் அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஒரு கண் சிமிட்டல் அதைப் போல் பல மடங்கு. பல்லைக் கடித்தால் திரை முழுவதும் தசை இரைச்சல். சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் எப்போதும் எங்கிருந்தாவது நுழையப் பார்க்கும். அதனால் பதிவு ஓடும்போது உதவியாளர் போன் பார்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன். திரையில் அலையைப் பார்த்துக்கொண்டே, எந்த நிமிடத்தில் இருமினார், எந்த முனை துள்ளியது, எப்போது கண் சொக்கியது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து, இந்தப் பதிவில் 14-ஆவது நிமிடம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் அந்த நோட்டில் மட்டுமே இருக்கும்.

எண்ணெய் வைத்த தலை, பின்னல், பூ, பொட்டு: இதெல்லாம் பிரச்சினையா?

ஆமாம். வெளிநாட்டுக் கையேடுகளில் இதற்கு விடை கிடைக்காது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்தடை இறங்கவே இறங்காது. முதல் நாளே போனில் தெளிவாகச் சொல்ல வேண்டும்: "நாளைக்கு ஷாம்பு போட்டு தலைக்குக் குளிச்சுட்டு வாங்க, எண்ணெய் வைக்காதீங்க, கண்டிஷனரும் வேண்டாம்." காலையில் குளித்து ஈரத் தலையோடு ஓடி வருவார்கள், அதனால் ஹேர் டிரையர் இருக்க வேண்டும். அடர்ந்த நீளமான முடியென்றால் பின்னலை அவிழ்த்து, வகிடு வகிடாகப் பிரித்துக்கொண்டால் முனை தோலைத் தொடும்.

நெற்றியில் இரண்டு முனைகள் உட்காரும். விபூதியோ குங்குமமோ இருந்தால் துடைக்க வேண்டியிருக்கும். நீங்கள் துடைக்காதீர்கள். கண்ணாடியும் ஈரப் பஞ்சும் கொடுத்து, ஏன் என்று சொல்லி, அவரையே எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டும் பொட்டை ஒட்டி வைக்கச் சின்னத் தட்டு ஒன்று வைத்திருங்கள், போகும்போது அவரே வைத்துக்கொள்வார். பூவுக்கும் அப்படித்தான். ஒரு பெண்ணின் தலையை ஆண் உதவியாளர் முக்கால் மணி நேரம் தொட்டுக்கொண்டிருப்பது எல்லாருக்கும் சம்மதமாக இருக்காது. முன்கூட்டியே கேட்டு, வேண்டுமென்றால் பெண் உதவியாளரை ஏற்பாடு செய்யுங்கள். முடிந்ததும் ஜெல்லைக் கழுவ வெந்நீர், சுத்தமான துண்டு, கண்ணாடி. மாலையில் ஈரத் தலையோடு போனால் சளி பிடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்குக் காலை நேரம் கொடுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நீளமான முடியும் எண்ணெய்ப் பழக்கமும் உள்ளவர்களை, தொல்லை என்று நினைத்துத் தவிர்க்கும் ஆய்வகங்கள் உண்டு. அப்படித் தவிர்த்தால் நம் ஊரில் பாதிப் பெண்கள் ஆய்விலேயே இருக்க மாட்டார்கள்.

எம்.ஆர்.ஐ. அறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

காந்தம் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஸ்கேன் நடக்காத நேரத்திலும், இரவிலும்கூட. ஆய்வுக் காந்தங்கள் பலவற்றின் வலிமையான 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் 60,000 மடங்கு. 2018-இல் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜன் சிலிண்டரைக் கையில் வைத்திருந்த இளைஞர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் இழுக்கப்பட்டு இறந்துபோனார். நாற்காலி, கத்திரிக்கோல், தீயணைப்பான் எதுவும் விதிவிலக்கல்ல. கதவருகே நிற்கும் நீங்கள் பேராசிரியரையே தடுத்து நிறுத்தி பாக்கெட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கும். தயங்காதீர்கள்.

அச்சடித்த பாதுகாப்புப் படிவத்தில் பேஸ்மேக்கர், காது உள்வைப்பு, எலும்பில் வைத்த பிளேட், கர்ப்பம் எல்லாம் கேட்டிருக்கும். நம் ஊருக்கு அது போதாது. மெட்டி போட்டிருக்கிறீர்களா, மூக்குத்தி கழலுமா, புடவையிலோ ரவிக்கையிலோ ஊக்கு குத்தியிருக்கிறதா, அரைஞாண் கயிற்றில் தாயத்து இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். "மெட்டல் ஏதாவது இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் தாயத்து யாருக்கும் நினைவுக்கு வராது, அது உடம்போடு ஒன்றாகிவிட்ட பொருள். தாலியைக் கழற்றச் சொல்வது இன்னும் மென்மையாகக் கையாள வேண்டிய விஷயம். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு தாலியைக் கழற்றி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கழற்ற விருப்பமில்லை என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். வற்புறுத்த உங்களுக்கு உரிமை கிடையாது.

உள்ளே போனதும் தலை ஆடாமல் இருப்பதே பெரிய காரியம். புகைப்படம் எடுக்கும்போது ஆடினால் முகம் கலங்குவது மாதிரி இங்கேயும் இரண்டு மில்லிமீட்டர் அசைவு படத்தைக் கெடுத்துவிடும். சத்தம் பலமாக இருக்கும், காது அடைப்பான் கட்டாயம். உதவிக்கு அழைக்கக் கையில் கொடுக்கும் ரப்பர் பந்தை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நடுவில் குரல் கொடுங்கள்: "நல்லா இருக்கீங்களா அம்மா? அடுத்தது ஆறு நிமிஷம்."

பங்கேற்பாளர்கள் என்னென்ன கேட்பார்கள்?

"நான் என்ன நினைக்கிறேன்னு இதுல தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், உள்ளுக்குள் உண்மையான பயம் இருக்கும். தெரியாது என்று நேராகச் சொல்லுங்கள். பல பேருடைய பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் எங்களுக்கே ஏதாவது புலப்படும் என்று விளக்குங்கள்.

இரண்டாவது கேள்விதான் கனமானது: "என் மூளைல ஏதாவது கோளாறு இருக்காப்பா?" நீங்கள் மருத்துவர் இல்லை. ஸ்கேனில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தாலும் முகத்தில் காட்டக்கூடாது, "நல்லாத்தான் இருக்கு" என்றும் சொல்லக்கூடாது. இரண்டுமே ஒரு நோய்முடிவைச் சொல்வதாகிவிடும். தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால் யாரிடம் சொல்வது, எந்தக் கதிரியக்க மருத்துவர் பார்ப்பார், பங்கேற்பாளருக்கு யார் தெரிவிப்பார் என்ற நடைமுறை எழுத்தில் இருக்க வேண்டும். சேர்ந்த உடனே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இல்லை என்றால் எழுதும்படி கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஒப்புதல் படிவம் வெறும் கையெழுத்துதானே?

இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளே இங்கே அடிப்படை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் வேண்டும். குழந்தையின் இசைவும் தனியாக வேண்டும்: 7 முதல் 11 வரை வாய்மொழியாக, 12-க்கு மேல் எழுத்தில்.

கையெழுத்தால் தீராத ஒரு சங்கடம் இருக்கிறது. பேராசிரியரின் வகுப்பு மாணவர்கள் பங்கேற்பாளர்களாக வருவார்கள். 'முடியாது' என்று சொன்னால் மதிப்பெண் குறையுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். பேராசிரியர் அறையில் இல்லாத நேரத்தில், "நடுவுல எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம், சாருக்குத் தெரியாது, வர்ற பணமும் நிக்காது" என்று நீங்கள் சொல்லும் அந்த இரண்டு வரிதான் அவர்களுக்கு உண்மையான சுதந்திரம். ஆனால் அது உண்மையாகவும் இருக்க வேண்டும். சேரும்போதே பேராசிரியரிடம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழில் சோதனை நடத்துவதில் என்ன சிக்கல்?

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தமிழ் மாணவர்கள் உண்மையிலேயே பங்களிக்கக்கூடிய இடம். 1980-இல் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். வாக்கியத்தில் பொருந்தாத சொல் வந்தால் சுமார் 400 மில்லி விநாடியில் ஓர் எதிர்மின் அலை எழுகிறது. அதே சோதனையைத் தமிழில் செய்ய, "பாட்டி இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் செங்கல் வைத்தாள்" என்று எழுதிவிடலாம். எழுத்தில் காட்டினால் சரி. காதில் ஒலிக்க விட்டால்? யாரும் வீட்டில் "வைத்தாள்" என்று பேசுவதில்லை. செய்தி வாசிப்பது போல் ஒலிக்கும், மூளை அந்த விநோதத்துக்கும் எதிர்வினை காட்டலாம். "வச்சாங்க" என்று பதிவு செய்தால் எந்த வட்டாரத்து உச்சரிப்பு என்ற கேள்வி வரும். இதைப் பெங்களூரிலோ லண்டனிலோ இருக்கும் தமிழ் தெரியாத பேராசிரியர் கவனிக்க வழியில்லை. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

திரையில் எழுத்து உடைவது இன்னொரு தொல்லை. சில மென்பொருள்களில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். சொற்களைப் படமாக மாற்றிக் காட்டுவதே பத்திரமான வழி.

கைப்பழக்கம் கேட்கும் எடின்பரோ படிவம் 1971-இல் வந்தது. துடைப்பத்தைப் பிடிக்கும்போது மேலே இருப்பது எந்தக் கை என்று அதில் கேட்பார்கள். நம் ஊர் விளக்குமாற்றை ஒரு கையால் பிடித்துத்தான் பெருக்குகிறோம். இடது கையால் சாப்பிடக்கூடாது, எழுதக்கூடாது என்று சின்ன வயதிலேயே மாற்றப்பட்டவர்கள் படிவத்தில் வலதுகைக்காரர்களாக வந்துவிடுவார்கள். "சின்ன வயசுல கையை மாத்தினாங்களா?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் விஷயம் தெளிவாகும்.

மொழிப் பின்னணியைக் கவனமாகக் கேட்டு எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு சாட்சி. 648 மறதிநோயாளிகளின் விவரங்களைப் பார்த்ததில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. யாரோ ஒருவர் குடும்பத்தாரிடம் பொறுமையாக உட்கார்ந்து, எந்த மொழி, எந்த வயதிலிருந்து, யாரோடு என்று கேட்டதால்தான் இது தெரியவந்தது.

புரோகிராமிங் கட்டாயமா?

ஆம், ஆனால் சேரும் நாளில் நிபுணராக இருக்க வேண்டாம். பைத்தான் அல்லது மேட்லேப், இரண்டில் ஒன்று. சோதனை வடிவமைக்க சைக்கோபை, இ.இ.ஜி.க்கு இ.இ.ஜி.லேப் அல்லது எம்.என்.இ., எஃப்.எம்.ஆர்.ஐ.க்கு எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல். என்று மென்பொருள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். மேட்லேப் உரிமம் விலை அதிகம், வீட்டில் பழக பைத்தானே வசதி.

ஊரில் ஆய்வகம் இல்லை. எப்படிப் பழகுவது?

ஓப்பன்நியூரோ தளத்தில் உண்மையான ஸ்கேன் தரவுகள் இலவசம். இ.இ.ஜி. கற்க இ.ஆர்.பி. கோர் என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேரின் பதிவுகள், ஏழு வகை அலைகள், நிரல்களோடு கிடைக்கும். அதில் ஒரு சோதனையை எடுத்து, தொடக்கத்திலிருந்து வரைபடம் வரை நீங்களே செய்து பாருங்கள். கோடையில் இரண்டு மாதம் பயிற்சி பெற நாட்டின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். கல்லூரிப் படிப்பின்போதே போகலாம்.

தரவைச் சுத்தம் செய்வதில் உதவியாளரின் பொறுப்பு என்ன?

செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அதன் மூளையில் 'செயல்பாடு' கண்டுபிடித்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். 2009-இல் வெளியானது. மூளைப் படத்தின் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் தனித்தனியாகச் சோதித்தால் சில தற்செயலாகவே 'செயல்பாடு' காட்டும், அதற்கான புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டவே அதைச் செய்தார்கள். 2020-இல் இன்னொரு ஆய்வு: 108 பேரின் ஒரே எஃப்.எம்.ஆர்.ஐ. தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒரே ஒன்பது கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் பகுப்பாய்வு செய்யவில்லை, பல கேள்விகளுக்கு விடைகளும் வேறுபட்டன.

அதனால் எந்தப் பதிவை, எந்தக் காரணத்துக்காக, முடிவைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா விலக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள். மூலக் கோப்பை எப்போதும் தொடாதீர்கள், பிரதியில் வேலை செய்யுங்கள். 2016-இல் வந்த பிட்ஸ் (BIDS) என்ற பொது அடுக்குமுறைப்படி கோப்புகளுக்குப் பெயரிடுங்கள். பங்கேற்பாளரின் பெயர் கோப்புப் பெயரில் வரவே கூடாது. மூளை ஸ்கேனிலிருந்து முகத்தை மீட்டெடுக்க முடியும், பொதுவெளியில் பகிரும் முன் முகப்பகுதியை நீக்க வேண்டும். "அந்த ரெண்டு பேரை எடுத்துட்டா ரிசல்ட் வந்துடும்" என்று யாராவது சொன்னால், காரணத்தை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பணிவாகச் சொல்லலாம், விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கட்டுரையில் என் பெயர் வருமா?

தரவு எடுத்ததற்கு மட்டும் பெயர் போடாத ஆய்வகங்கள் இருக்கின்றன, நன்றிப் பகுதியில் முடித்துவிடுவார்கள். வடிவமைப்பிலோ பகுப்பாய்விலோ பங்கெடுத்து, வரைவைத் திருத்தி, இறுதிப் பிரதியை ஒப்புக்கொண்டிருந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. முதல் மாதமே கேளுங்கள். கடைசியில் கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

எத்தனை நாள் இருக்கலாம்? பிறகு என்ன?

ஒன்றரை, இரண்டு ஆண்டு. அதற்குக் கீழே என்றால் ஒரு திட்டம்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கு மேல் என்றால் படிப்பு தள்ளிப்போகும். வெளிநாட்டுப் பிஎச்.டி. விண்ணப்பத்துக்கு மதிப்பெண்ணைவிட, உங்களோடு வேலை பார்த்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் அதிகம் பேசும். அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தின் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. அதில் நேரம் செலவிட வேண்டாம். வேலை போதும் என்று முடிவெடுத்து மருத்துவத் தரவு, பயனர் ஆய்வு, செவித்திறன் கருவி நிறுவனங்கள் பக்கம் போகிறவர்களும் நன்றாகவே இருக்கிறார்கள்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எப்படி எழுதுவது?

எட்டுப் பத்து வரி. அவருடைய ஒரு கட்டுரையை உண்மையிலேயே படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். நீங்கள் செய்த பகுப்பாய்வின் இணைப்பைக் கொடுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்தெந்த மொழி பேசுவீர்கள் என்பதைத் தவறாமல் சேருங்கள். நோயாளிகளோடும் முதியவர்களோடும் ஆய்வு செய்கிறவர்களுக்கு அது பெரிய தகுதி. பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

சேர்ந்த முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் நீங்களே பங்கேற்பாளராக உட்காருங்கள். ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்துக் கையெழுத்திடுங்கள், கேப்பை மாட்டிக்கொள்ளுங்கள், முழுச் சோதனையையும் இடைவேளை உட்பட செய்து முடியுங்கள். எந்த இடத்தில் அறிவுறுத்தல் புரியவில்லை, எத்தனையாவது நிமிடத்தில் தூக்கம் வந்தது, கேப்பின் பட்டை தாடையில் எங்கே வலித்தது, ஜெல்லைக் கழுவ எவ்வளவு நேரம் ஆனது என்று அன்றே எழுதி வையுங்கள். பிறகு மூத்த உதவியாளர் ஒருவர் பதிவு எடுப்பதைக் குறைந்தது நாலைந்து முறை பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் நண்பர் யாரையாவது முன்னோட்டப் பதிவுக்கு (பைலட்) அழைத்து, மூத்த உதவியாளர் பார்க்க நீங்கள் எடுங்கள். அவர் சரி என்ற பிறகு வெளியாட்களுக்கு நேரம் கொடுக்கலாம்.